அலாஸ்கா கப்பல் பயணம்: ஓர் ஊரில் செலவழியுங்கள், மற்ற ஊர்களில் நடந்து பாருங்கள்

கேள்வி: வரும் ஆகஸ்டில் சியாட்டிலிலிருந்து புறப்படும் ஏழு இரவு அலாஸ்கா கப்பலில் குடும்பத்தோடு போகிறோம். நான், கணவர், 13 மற்றும் 9 வயதுப் பிள்ளைகள், 70 வயதான மாமியார் என ஐந்து பேர். கப்பல் ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன், விக்டோரியா ஆகிய ஊர்களில் நிற்கும். ஒரு நாள் கிளேசியர் பே என்ற விரிகுடா வழியாகப் போகும். கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாக்களை ஐந்து பேருக்கும் கூட்டிப் பார்த்தால், அந்தத் தொகையே பயண டிக்கெட் விலையில் பாதிக்கு வந்துவிடுகிறது. நாங்களே சொந்தமாகச் சுற்றிப் பார்க்க முடியுமா? கணவருக்கு ஸ்காக்வே மலை ரயில்மீது ஆசை. மாமியாருக்கோ, “கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது?” என்ற பயம். அவரால் சமதரையில் அரை மணி நேரம் நடக்க முடியும்; ஏற்றம் ஆகாது. — ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். தாராளமாக முடியும். சொந்தமாகச் சுற்றுவதற்கு அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையைப் போல வசதியான இடங்கள் குறைவு. ஐரோப்பாவில் பல கப்பல்கள் ஏதோ ஒரு சரக்குத் துறைமுகத்தில் நிற்கும். பார்க்க வேண்டிய நகரம் அங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும். இங்கே அப்படியில்லை. ஜூனோவிலும் ஸ்காக்வேயிலும் கப்பலிலிருந்து இறங்கி நடந்தாலே ஊருக்குள் வந்துவிடுவீர்கள். கெச்சிகனிலும் பெரும்பாலான கப்பல்களுக்கு இதுதான் நிலை. ஒரு விதிவிலக்கைப் பின்னால் சொல்கிறேன்.

என் ஆலோசனையின் சாரம் இதுதான்: நான்கு ஊர்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்காதீர்கள். ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஐந்து பேரும் வாழ்நாள் முழுக்கப் பேசக்கூடிய ஒன்றுக்கு மனம் கோணாமல் பணம் கொடுங்கள். மற்ற ஊர்களில் நடந்தும் பஸ்ஸில் போயும் பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கு அந்த ஓர் ஊர் ஜூனோ என்பது என் கருத்து.

முதலில் உங்கள் மாமியாரின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நியாயமான பயம். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி ஓர் உத்தரவாதத்துக்கான விலை. அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் உங்களை அடுத்த ஊருக்குக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. ஜூனோவுக்கு வெளியூர்களிலிருந்து சாலையே கிடையாது. விமானத்திலோ கப்பலிலோதான் வர முடியும், போக முடியும். கெச்சிகனும் தீவில் இருக்கும் ஊர். ஆகவே கப்பலைத் தவறவிட்டால் கார் பிடித்து அடுத்த துறைமுகத்துக்கு விரையலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இந்த ஆபத்தைக் கட்டுக்குள் வைப்பது கடினமல்ல. கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது வழக்கமாக அரை மணி நேரமாவது முந்தியிருக்கும். அந்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வையுங்கள். ஊரைவிட்டு வண்டியில் போகும் எந்தத் திட்டத்திலும், ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே துறைமுகப் பகுதிக்குத் திரும்பிவிடுங்கள். மீதி நேரத்தைக் கப்பலைப் பார்த்தபடி கடைத்தெருவில் கழிக்கலாம். கப்பல் கண்ணெதிரே நிற்கும்போது உங்கள் மாமியாருக்கும் மனம் அமைதியாக இருக்கும்.

கடிகார விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. பெரும்பாலான கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். உங்கள் கப்பல் எப்படி என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசியை நம்ப வேண்டாம். ஸ்காக்வேக்கு மேலே எல்லை தாண்டினால் வரும் கனடாப் பகுதிகளில் கோடையில் நேரம் வேறு. அங்கே போனால் கைபேசி தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டுவிடலாம். ஒருவர் கையிலாவது சாதாரணக் கைக்கடிகாரம் இருக்கட்டும்; கப்பல் நேரத்தை அதில் வைத்துவிட்டு மாற்றாதீர்கள்.

இனி ஜூனோ. இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: மெண்டன்ஹால் பனியாறு, திமிங்கிலங்கள்.

பனியாறு துறைமுகத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மிக மலிவான வழி நகரப் பஸ். ஒருவருக்கு 2 டாலர் அளவில்தான் கட்டணம்; ஓட்டுநர் மீதிச் சில்லறை தரமாட்டார், சரியான தொகையை வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பஸ் பனியாறு வரை போகாது. இறங்கும் இடத்திலிருந்து பார்வையாளர் மையம் இரண்டரை கி.மீ. நடை. திரும்பி வரவும் அதே தூரம். நீங்கள் இருவரும் பிள்ளைகளும் மட்டும் போவதாக இருந்தால், யோசிக்காமல் பஸ்ஸில் போங்கள் என்பேன். பாதை சமதரைதான். ஆனால் உங்கள் மாமியாருக்கு அது சரிவராது: அங்கே போய்ச் சேருவதிலேயே அவருடைய அன்றைய நடை முடிந்துவிடும், பனியாற்றின் முன்னால் நிற்கும்போது உட்கார இடம் தேடுவார்.

துறைமுகத்திலிருந்தே நேராகப் பனியாற்றுக்குப் போய்வரும் தனியார் ஷட்டில் பஸ்கள் இருக்கின்றன. வசதியானவை, ஆனால் ஐந்து இருக்கைகளுக்குக் கணக்குப் போட்டால் தொகை ஏறிவிடும். ஐந்து பேர் கொள்ளும் டாக்சியின் போக வர கட்டணத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாளுக்கு ஷட்டிலும், குடும்பத்துக்கு டாக்சியும் லாபமாக அமைவது உண்டு. டாக்சியில் போனால், திரும்புவதற்கு வர வேண்டிய நேரத்தை இறங்கும்போதே ஓட்டுநரிடம் பேசிவையுங்கள்.

எல்லாவற்றையும்விட உங்களுக்குப் பொருந்துவதாக நான் நினைப்பது வேறு. திமிங்கிலப் படகுகள் புறப்படும் ஆக் விரிகுடா, பனியாறு இருக்கும் அதே திசையில், இன்னும் சற்று அப்பால் இருக்கிறது. அதனால் உள்ளூர் நிறுவனங்கள் பல, இரண்டையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கின்றன: துறைமுகத்தில் ஏற்றி, படகில் கொண்டுபோய்க் காட்டி, பனியாற்றில் இறக்கிவிட்டு, மறுபடி கப்பலருகே கொண்டுவந்து விடுவார்கள். தனித்தனியாகப் போனால் ஒரே சாலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டியிருக்கும். இதே போன்ற தொகுப்பைக் கப்பல் நிறுவனமும் விற்கும். உள்ளூர் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு. படகும் சிறியதாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சிறிய படகில் ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் முதுகு மறைக்காமல் கடல் தெரியும். மாமியாருக்காகக் கழிப்பறையும் மூடிய இருக்கைப் பகுதியும் உள்ள படகா என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் இதற்கு நல்ல மாதம். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் கழித்துவிட்டு, கோடையில் இரை தேடி இந்தக் கடலுக்கு வருகின்றன. ஹவாயில் அவை பெரும்பாலும் பட்டினிதான். வருடம் முழுவதற்குமான கொழுப்பை இங்கே தின்றுதான் சேர்க்க வேண்டும். அதனால் நீர்ப்பரப்புக்கு வருவதும் மூழ்குவதுமாக ஓயாமல் வேட்டையாடிக்கொண்டிருக்கும். படகுகள் அவற்றை 100 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். கைக்கெட்டும் தூரத்தில் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். ஒரு இருநோக்கியை (பைனாகுலர்) எடுத்துச் செல்லுங்கள்.

பனியாற்றில் உங்கள் மாமியாருக்கு ஏற்ற பாதை ஒன்று இருக்கிறது. பார்வையாளர் மையத்தருகிலிருந்து போட்டோ பாயின்ட் வரை அரை கி.மீ. தூரம், சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சீரான பாதை. ஏரிக்கு அப்பால் பனியாறு நன்றாகத் தெரியும். பிள்ளைகளோடு ஒருவர் நகட் அருவி வரை போய்வரலாம். போக வர மூன்று கி.மீ.க்கு மேல், ஏற்றம் இல்லை. அருவியின் அடிவாரத்தில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். இந்த ஏரி ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு இல்லை. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க உருவானது அது. இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் பார்க்கும் பனியாற்றை அவர்களுடைய பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று பார்க்கப்போவதில்லை.

மையத்துக்கு அருகிலுள்ள ஸ்டீப் ஓடையில் சால்மன் மீன்கள் ஏறி வரும் காலம் அது. மீனைத் தேடிக் கருங்கரடிகள் வரும். மரப்பாலத்தின் மேலிருந்தே பார்க்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் பாதைகளில் உணவு கொண்டுபோக அனுமதியில்லை. பிஸ்கட் பொட்டலம்கூட வேண்டாம். பிள்ளைகளைச் சாப்பிட வைத்துவிட்டு அழைத்துப் போங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகளிலும் ஆகஸ்ட் மாதத்தில், பனியாற்றின் மேற்பகுதிப் படுகையில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு மெண்டன்ஹால் ஆற்றில் வெள்ளமாக வந்தது. அப்படி நேரும் நாளில் அந்தப் பகுதியை மூடிவிடக்கூடும். எனவே பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: பனியாறு மூடப்பட்டால் பணம் திரும்புமா? வானிலையால் கப்பல் ஜூனோவுக்கு வராமலே போனால் பணம் முழுதும் திரும்புமா? கப்பல் பயணிகளை நம்பித் தொழில் நடத்தும் நல்ல நிறுவனங்கள் இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லும். தயங்குகிறவர்களை விட்டுவிடுங்கள்.

துறைமுகத்தை ஒட்டியே மவுண்ட் ராபர்ட்ஸ் மலைக்குப் போகும் கம்பிவட ஊர்தி இருக்கிறது. கண்ணைக் கவரும், விலையும் அதிகம். மேகம் இறங்கிய நாளில் மேலே போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதை முன்பதிவு செய்யாதீர்கள். அன்று வானம் தெளிந்திருந்து, நேரமும் பணமும் மிஞ்சினால் அங்கேயே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். பார்வைத் தெளிவை நம்பியிருக்கும் எதையும், கப்பலருகிலேயே கிடைக்குமானால், அன்று காலையில் முடிவு செய்வதுதான் சிக்கனம்.

அடுத்து ஸ்காக்வே, உங்கள் கணவரின் ரயில். வைட் பாஸ் ரயில் பாதை 1898இல் தொடங்கி 1900இல் முடிக்கப்பட்ட, தண்டவாள அகலம் குறைந்த பாதை. 20 மைல் தூரத்துக்குள் கடல் மட்டத்திலிருந்து 2,865 அடி ஏறுகிறது. அழகு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஐந்து டிக்கெட் என்றால் மறுபடியும் பெரிய தொகை செலவாகும். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக உட்கார்ந்தே போய்வருவது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நீளமாகத் தோன்றும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் திமிங்கிலத்தைச் சொல்வேன். இருந்தாலும் ஒரு வழி உண்டு: குடும்பமே போக வேண்டியதில்லை. உங்கள் கணவரும் அவருடைய அம்மாவும் மட்டும் ரயிலில் போகட்டும். நடக்க வேண்டாத, உட்கார்ந்து பார்க்கும் இன்பம் அது. இந்தப் பயணத்தில் உங்கள் மாமியாருக்கென்றே அமைந்தது என்றுகூடச் சொல்லலாம். டிக்கெட்டை ரயில் நிறுவனத்திடம் நேரடியாகவும் வாங்கலாம்; கப்பலில் விற்கும் விலையோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். ஏறும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில் நீங்களும் பிள்ளைகளும் செலவே இல்லாமல் ஸ்காக்வேயைப் பார்க்கலாம். ஊரின் ஒரு பகுதியே குளோண்டைக் தங்க வேட்டை தேசிய வரலாற்றுப் பூங்கா. பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குக் கட்டணம் இல்லை. வனக்காவலர்கள் அழைத்துச் சென்று கதை சொல்லும் நடைகளும் இலவசம். கூட்டம் வருவதற்குள், இறங்கியதும் நேராக அங்கே போய் அன்றைய நேரங்களைக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கான ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தில் உள்ள கேள்விகளுக்கு விடை தேடி முடித்தால் சின்னம் ஒன்று தருவார்கள். ஒன்பது வயதுக்கு அது ரயிலைவிடப் பெரிய பொருள்.

அங்கே கேட்கப்போகும் கதையைக் கொஞ்சம் முன்னதாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1896இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் பல்லாயிரக்கணக்கானோர் இந்தச் சிற்றூரில் வந்து இறங்கினார்கள். கனடா எல்லைக் காவலர்கள், ஓராண்டுக்கான உணவும் தளவாடங்களும் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு டன் சுமையை மலைமேல் ஏற்றியாக வேண்டும். வைட் பாஸ் வழியில் சுமார் 3,000 குதிரைகள் செத்து விழுந்தன. ரயில் பாதை முடிந்தபோது தங்க வேட்டையே அடங்கிவிட்டது. இந்தக் கதை தெரிந்து பிராட்வே தெருவில் நடந்தால், கடைகளுக்கு நடுவே அந்தப் பழைய மரக் கட்டடங்கள் தனியாகத் தெரியும்.

கால் நீட்ட வேண்டுமென்றால், ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து யகுடானியா முனை வரை போகலாம், எளிதான பாதை. லோயர் டியூவி ஏரிக்கு ஏறும் பாதை தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. பதின்மூன்று வயதுக்கு உற்சாகம், உங்கள் மாமியார் கூட இருந்தால் வேண்டாம். ஊருக்குள்ளேயே நாளைக் கழிப்பதால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இங்கே கப்பலைத் தவறவிடும் கவலையும் இல்லை; ரயிலில் போகும் இருவருக்கு மட்டும் அந்த இரண்டு மணி நேர விதி பொருந்தும்.

கெச்சிகனுக்கு வருவோம். நான் சொன்ன விதிவிலக்கு இதுதான்: சில கப்பல்கள் ஊருக்குள் நிற்காமல் சுமார் 11 கி.மீ. வடக்கே வார்டு கோவ் என்ற துறையில் நிற்கின்றன. அங்கிருந்து ஊருக்கு இலவச ஷட்டில் பஸ் விடுகிறார்கள், ஆனால் திரும்பும் நேரத்தில் வரிசை நீளும். உங்கள் கப்பல் எங்கே நிற்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வார்டு கோவ் என்றால், இரண்டு மணி நேர இடைவெளி என்று நான் சொன்ன விதி இங்கும் பொருந்தும். ஊரிலிருந்து கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள்.

இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 150 அங்குல மழை. மழை பெய்யாது என்று எண்ணித் திட்டமிட வேண்டாம். நனையாத மேலாடை ஐந்து பேருக்கும் வேண்டும். குடை காற்றுக்கு நிற்காது. மழைதான் இந்தக் காட்டையும் ஓடைகளையும் உண்டாக்கியது என்று எடுத்துக்கொண்டால் நனைவதுகூட நன்றாகவே இருக்கும்.

ஊருக்குள் நடந்தே பார்க்கக்கூடியவை: கெச்சிகன் ஓடையின் மேல் மரத்தூண்களில் நிற்கும் கிரீக் தெரு, அதற்குக் கீழே ஆகஸ்டில் எதிர்நீச்சலடித்து ஏறும் சால்மன்கள். மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு மேலேறுவதைப் பாலத்தில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தாலும் அலுக்காது. ஓடையை ஒட்டியே மேலே நடந்தால் டோட்டம் பாரம்பரிய மையம் வரும். டிலிங்கிட், ஹைடா பழங்குடியினரின் கைவிடப்பட்ட கிராமங்களிலிருந்து மீட்டுவந்த, டோட்டம் எனப்படும் 19ஆம் நூற்றாண்டுச் சிற்ப மரக்கம்பங்கள் உள்ளே இருக்கின்றன. வண்ணம் போய், மரம் வெடித்து, மூலச் சிற்பியின் உளித்தடத்தோடு நிற்பவை அவை. கட்டணம் சில டாலர்கள்தான். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குள் போவதானால் இதற்குப் போங்கள்.

வெளியில் நிறுத்திய கம்பங்களையும் பார்க்க வேண்டுமென்றால், நகரப் பஸ்ஸிலேயே போகலாம்: தெற்கே 4 கி.மீ.இல் சாக்ஸ்மன் கிராமம், வடக்கே 16 கி.மீ.இல் டோட்டம் பைட் பூங்கா. டோட்டம் பைட்டில் காட்டுக்குள் சிறு நடை, பிறகு கடலோரத்தில் கம்பங்களும் வண்ணம் தீட்டிய மர வீடும். பஸ் அடிக்கடி வராது. இறங்கும்போதே திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளேசியர் பேயில் கப்பலைவிட்டு இறங்குவதில்லை, வாங்குவதற்கும் ஒன்றுமில்லை. தேசியப் பூங்கா வனக்காவலர்கள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். 1794இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் வான்கூவரின் அளவைப் படகுகள் வந்தபோது இந்த விரிகுடாவின் வாய்வரை பனி அடைத்திருந்தது. இன்று கப்பல் நாள் முழுக்க அதற்குள் பயணம் செய்கிறது. கதகதப்பான உடையோடு திறந்த மேல்தளத்தில் நில்லுங்கள். பனியாற்று முகப்பிலிருந்து பனிக்கட்டி உடைந்து விழும்போது முதலில் காட்சி, சற்றுப் பிறகுதான் இடி போன்ற ஒலி. ஆகவே சத்தம் கேட்டுத் திரும்பாமல், பார்வையைப் பனியாற்றிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கனடாத் துறைமுகமான விக்டோரியாவில் பெரும்பாலும் மாலையில்தான் நிற்கும். பேருந்துச் சுற்றுலா எதுவும் தேவையில்லை. துறையிலிருந்து உள்துறைமுகம் நிதானமாக நடந்தால் அரை மணிக்குச் சற்று மேல், சமதரை. மாமியாருக்குப் போகும்போது இடையில் உட்கார்ந்து ஓய்வெடுத்தபடி நடை, வரும்போது டாக்சி. இருட்டியதும் மாகாணச் சட்டமன்றக் கட்டடம் ஆயிரக்கணக்கான விளக்குகளால் ஒளிரும்.

இந்த விக்டோரியாவால்தான் ஒரு முக்கியமான வேலையும் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை வெளிநாட்டுத் துறை எதிலும் நிற்காமல் சுற்றிக்கொண்டுவந்து இறக்கக் கூடாது என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காகவே சியாட்டில் கப்பல்கள் விக்டோரியாவில் நிற்கின்றன. அதாவது உங்கள் பயணம் கனடாவுக்குள்ளும் போகிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு உள்ளவருக்கு, செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கார்டும் இருந்தால், விசா தேவையில்லை. அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் வருகிறவருக்கு அது பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவரின் நிலையும் வேறாக இருக்கலாம், குறிப்பாக உங்கள் மாமியாருடையது. ஒருவருக்கு விசா இல்லாவிட்டாலும் சியாட்டிலிலேயே அவரைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கரைச் சுற்றுலாவில் மிச்சம் பிடிப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். கனடா விசாவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

கப்பலில் ஏறியதும் எல்லோருடைய கைபேசியையும் ஏரோபிளேன் நிலைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசையில் கைபேசி தானாகச் சேர்ந்துகொண்டால், நீங்கள் மிச்சப்படுத்திய ரயில் டிக்கெட் பணம் அந்த பில்லில் போய்விடும். ஊர்களின் வரைபடங்களை வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

ஜூனோவுக்கு மட்டும் இந்த மாதமே பதிவு செய்யுங்கள். கப்பல் அங்கே எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. படகும் பனியாறும் சேர்ந்த தொகுப்புக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். அதன் பிறகும் இரண்டு மணி நேரம் மிஞ்ச வேண்டும். நீங்கள் இறங்குவதிலிருந்து எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வரை எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் தொகுப்பை விட்டுவிட்டு, திமிங்கிலப் படகை மட்டும் எடுங்கள். பனியாற்றைக் கிளேசியர் பேயில் பார்த்துக்கொள்ளலாம். திமிங்கிலம் பார்க்க உங்கள் வழியில் நான் தேர்ந்தெடுக்கும் ஊர் ஜூனோதான்.